எட்டுத் தூணும் கார் பெயிண்ட்டும்

அமெரிக்காவுல பெயிண்ட்டுக்கு வாசனையே கிடையாது. இங்க வந்து இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் இது எனக்கு ஒத்துக்கல. போன மாசம் எங்க ஃப்ரீமான்ட் வீட்டு ஹாலுக்கு பெயிண்ட் அடிச்சாங்க. காலையில வந்தாங்க, மத்தியானம் முடிச்சாங்க, சாயங்காலம் அதே ஹால்ல உக்காந்து நாங்க டீ குடிச்சோம். நான் மெதுவா எந்திரிச்சுப் போய் சுவத்துல மூக்கை வச்சு மோந்து பாத்தேன். ஒண்ணும் இல்ல. "என்ன பண்றீங்க?"ன்னு என் பொண்டாட்டி சுமதி கேட்டா. "நிஜமாவே அடிச்சாங்களான்னு பாக்கிறேன்"னேன். "கலர் மாறியிருக்குல்ல, கண்ணால பாக்க வேண்டியதுதானே? உங்க வீட்டு ஆளுங்களுக்கு மட்டும் கண்ணு, காது எல்லாமே மூக்குலதான்"னா.

அவ சொன்னது சரிதான். எங்க அப்பா கோவில்பட்டி மெயின் ரோட்டுல பெயிண்ட் கடை வச்சிருந்தாரு. முன்னாடி கடை, பின்னாடி வீடு. பொறந்ததுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் டர்பண்டைன் வாசனையோடதான் நான் சோறு தின்னேன். ஸ்கூல்ல என் பக்கத்துல உக்கார்றவனுக்குத் தலைவலின்னா வாத்தியார் மாத்திரை குடுக்க மாட்டாரு, வேற பெஞ்ச் குடுப்பாரு. தெருவுல நடந்து போனா, புதுப் பெயிண்ட் வாசனையை வச்சே எந்த வீட்ல கல்யாணம்னு மூக்கு சொல்லிடும். ஆனா அப்பாவுக்கு நிஜமான சீசன் கும்பாபிஷேகம்தான். சுத்துப்பட்டுல எந்தக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம்னாலும் எனாமல் டப்பா எங்க கடையில இருந்துதான் போகும். கருங்கல் தூணுக்கு ரோஸ், யாளிக்குப் பச்சை, யானைக்கு என்ன கலர்னு தர்மகர்த்தாவோட அரை நாள் விவாதம். காலேஜ்ல சிவில் எஞ்சினியரிங் சேந்த திமிர்ல ஒரு தடவ, "கல்லைக் கல்லாவே விட்டா என்னப்பா?"ன்னு கேட்டேன். "விட்டா, கும்பாபிஷேகம் நடந்துச்சுன்னு எவன் நம்புவான்?"னாரு. இப்போ நான் சம்பளம் வாங்குறதே அந்த மாதிரி பெயிண்ட்டைச் சுரண்டி எடுங்கன்னு ரிப்போர்ட் எழுதித்தான்.

எங்களுது சின்ன கம்பெனி. பழைய பில்டிங் நிக்குமா விழுமான்னு பாத்து எழுதிக் குடுக்கிறது என் வேலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பாஸ் கூப்பிட்டு, "சங்கர், ஒரு டெம்பிள் ப்ராஜெக்ட் வந்திருக்கு. நீ டெம்பிள் ஆள்தானே, உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்"னாரு. "என்ன சாமி?"ன்னு கேட்டேன். "சைனீஸ்"னாரு. கோயில்னா எல்லாம் ஒண்ணுதான்னு அவருக்கு ஒரு நம்பிக்கை. விளக்கிச் சொன்னா வேலை வேற ஆளுக்குப் போயிடும். அதனால, "ஆமா, தெரியும்"னுட்டேன்.

எங்க வீட்ல இருந்து ஒண்ணரை மணி நேர டிரைவ். ஆத்துக்குக் கரை கட்டுறதுக்காக அந்தக் காலத்துல தெற்குச் சீனாவுல இருந்து வந்த ஆளுங்க, வேலை முடிஞ்ச பின்னாடி அங்கேயே தங்கிட்டாங்க. அதுல லாவ்ங்கிற ஒரே குடும்பப் பேர்க்காரங்க எல்லாம் சேந்து ஒரு சின்னக் கோயில் கட்டியிருக்காங்க. ஊர்ல இருந்து கப்பல்ல மரம் வந்திருக்கு, ஓடு வந்திருக்கு. உள்ள பெருசா சிலை எதுவும் இல்ல. முன்னோர்களோட பேர் எழுதின மரப்பலகைங்க, கொலு மாதிரி படிப்படியா. வருஷத்துக்கு ஒரு தடவ, வசந்த காலத்துல, எங்கெங்கயோ இருக்கிற குடும்பமெல்லாம் வந்து, பத்தி கொளுத்தி, முழுப் பன்னி படைச்சு, சாப்பிட்டு, சண்டை போட்டு, போட்டோ எடுத்துட்டுப் போவாங்களாம். எனக்கு இதை யாரும் விளக்கவே வேண்டியிருக்கல. எங்க குலதெய்வம் சாஸ்தா கோயில்ல பங்குனி உத்திரத்துக்கு நடக்கிறதும் இதுதான், பன்னியை மட்டும் கழிச்சுக்கணும். இங்க இதுக்கு 'கிளான் அசோசியேஷன்'னு பேரு, தலைவர் உண்டு, கமிட்டி உண்டு, மினிட்ஸ் உண்டு. நம்ம பாஷையில சுருக்கமா பங்காளிங்க.

கூரை ஒழுகி, தூண் ஆட்டம் கண்டதுனால சிட்டிக்காரங்க, அதாவது அந்த ஊர் முனிசிபாலிட்டி, கோயிலைப் பூட்டிட்டாங்க. பழைய முறையில, பழைய பொருளை வச்சுத்தான் சரி பண்ணணும்னு கமிட்டி முடிவு. அதுக்கு மெய்னு ஒரு பொம்பளை. நாப்பது சொச்சம் வயசு, சீனாவுல கான்டன் பக்கம் இந்தத் தொழில் கத்துக்கிட்டவங்க, ரெண்டு தச்சர்களோட வந்து இறங்கினாங்க. என்னென்ன பொருள் வேணும்னு லிஸ்ட் கேட்டேன். ஒரு கொட்டையை ஆட்டி எடுக்கிற துங் எண்ணெய், சுண்ணாம்பு, செங்கப்பொடி, சணல் நாரு, காவின்னு வரிசையா சொல்லிட்டு, "பன்னி ரத்தம்"னாங்க. எல்லாத்தையும் குழைச்சு, நாரைச் சுத்தி, தூணுக்கு மேல பூசுவாங்களாம். நான் முட்டைக்கே யோசிக்கிற வீட்ல வளந்தவன். "அதுக்குப் பதிலா வேற ஏதாவது…"ன்னு இழுத்தேன். "ஏன், உங்க பில்டிங் ரூல்ஸ்ல வெஜிடேரியன் தூண்னு தனியா இருக்கா?"ன்னாங்க. ஃபார்ம்ல ரத்தம்னு போடாம 'புரோட்டீன் பைண்டர்'னு எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். சுமதிகிட்ட இதுவரைக்கும் சொல்லல, இதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்குவா.

தூண் மொத்தம் எட்டு. எட்டும் அப்படி ஒரு சிவப்பு. முகம் பாத்துத் தலை சீவலாம், அவ்ளோ பளபளப்பு. மெய் ஒரு மூலையில சூடு காட்டி, தகடால சுரண்டிப் பாத்துட்டு முகத்தைச் சுளிச்சாங்க. "இது வீட்டுப் பெயிண்ட் இல்ல. காருக்கு அடிக்கிறது." சூடு பட்ட எனாமல்ல இருந்து ஒரு வாசனை கிளம்புச்சு பாருங்க, அமெரிக்காவுல இருபது வருஷமா நான் தேடின வாசனை. கண்ணை மூடிட்டேன். கடை, கல்லா மேல ஊதுபத்தி, மூடி திறக்க அப்பா வச்சிருந்த வளைஞ்ச ஸ்க்ரூ டிரைவர், எல்லாம் வந்துடுச்சு. நான் மயங்கி விழப் போறேன்னு நினைச்சு மெய் ஓடிப் போய் தண்ணி எடுத்துட்டு வந்தாங்க. "ஒண்ணுமில்ல, ரொம்ப நல்ல வாசனை"ன்னேன். அவங்க ஒரு மாஸ்க் குடுத்து, இனிமே இது இல்லாம உள்ள வரக் கூடாதுன்னுட்டாங்க.

விஷயம் என்னன்னா, எண்ணெய்ப் பூச்சு மரத்தை மூச்சு விட விடும். கார் பெயிண்ட் பிளாஸ்டிக் பை மாதிரி. கூரையில ஒழுகின தண்ணி மேல இருந்து மரத்துக்குள்ள இறங்கி, வெளிய வர வழியில்லாம அடியில தேங்கிடுச்சு. எட்டுல அஞ்சு தூணோட அடி, டீயில முக்கின ரஸ்க் மாதிரி இருந்துச்சு. என் பேனா முழுசா உள்ள போச்சு.

பேனாவை உருவிக்கிட்டு இருக்கும்போதுதான் ஹென்றி அங்கிள் உள்ள வந்தாரு. எம்பது வயசுக்கு மேல, பேஸ்பால் தொப்பி, ரெண்டு தெரு தள்ளி வீடு. நான் யாருன்னு கூட கேக்கல. தூணைத் தட்டிக் காட்டி, "இதெல்லாம் நான் அடிச்சது"ன்னாரு. அவருக்கு இருபத்திநாலு வயசு இருக்கும்போது லாவ்ங்க எல்லாம் வேலை தேடி பெரிய ஊர்களுக்குப் போயிட்டாங்களாம். கோயில்ல புறாதான் குடியிருந்துச்சாம். இவரு கார் ஒர்க்‌ஷாப்புல பெயிண்ட் அடிக்கிற வேலை. மிச்ச டப்பாவை எல்லாம் முதலாளிகிட்ட கேட்டு வாங்கி, ஒரு கோடைக்காலம் முழுக்க, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா, தனி ஆளா எட்டுத் தூணும் அடிச்சிருக்காரு. "பாரு, இத்தனை வருஷத்துல ஒரு துளி மங்கியிருக்கா?" அதான் அங்கிள் பிரச்சனையேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. "நல்லா பளபளன்னு இருக்கு"ன்னேன். பெயிண்ட் கடைக்காரன் மகன் வேற என்ன சொல்லுவான்?

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பலகைங்களை எல்லாம் நாள் பாத்து வேற இடத்துக்கு மாத்துனாங்க. நம்ம ஊர் பாலாலயம் மாதிரிதான். மாத்துன இடம் ஹென்றி அங்கிளோட கராஜ். பக்கத்துல வீடு இருக்கிற ஆள் அவர்தான்னு காரணம். ஒரு நாள் கூப்பிட்டு டீ குடுத்தாரு. ஒரு பக்கம் வாஷிங் மெஷின், இன்னொரு பக்கம் லாவ் குலத்தோட அத்தனை தலைமுறையும் சிவப்புத் துணி மேல. "இதுல உங்க அப்பா எது?"ன்னு கேட்டேன். கேக்கக் கூடாததைக் கேட்டுட்டேன்னு அப்போ தெரியல.

"இதுல இல்ல"ன்னாரு. சீனர்கள் இங்க வரக் கூடாதுன்னு சட்டம் இருந்த காலம் அது. ஏற்கனவே இங்க இருக்கிறவரோட மகன்னு பேப்பர் வாங்கிட்டு வந்தா விடுவாங்க. இவரோட அப்பா அப்படி ஒரு லாவோட பேப்பரை வாங்கிட்டு, அவரோட மகன்னு சொல்லி கப்பல் ஏறினவரு. சொந்தக் குடும்பப் பேரே வேற. இறங்கின பின்னாடி அந்தப் பேரை வெளிய சொல்ல முடியல, பேப்பர்ப் பேரே நிலைச்சுடுச்சு. லாவ்ங்களும் சேத்துக்கிட்டாங்க, விருந்துக்குக் கூப்பிட்டாங்க, போட்டோவுல நிக்க வச்சாங்க. ஆனா பலகை வைக்கல. அது ரத்த சொந்தத்துக்கு மட்டும். "எனக்கு அந்தக் கோயில்ல இருக்கிறது எட்டுத் தூண்தான்"னு சொல்லிட்டு, கப்பை வாங்கிக் கழுவப் போயிட்டாரு. ஒரு கிரீன் கார்டுக்குப் பதினோரு வருஷம் லைன்ல நின்னதை எல்லா பார்ட்டியிலயும் சோகக் கதையா சொல்றவன் நான். அன்னைக்குச் சொல்லல.

ரிப்போர்ட் நாப்பது பக்கம் வந்துச்சு. பெயிண்ட்டை எடுத்தே ஆகணும், அதுல ரெண்டாவது பேச்சுக்கு இடமில்ல. ஆனா சிட்டியோட ஃபார்ம்ல, பிற்காலத்துல பூசினது யாருன்னு ஒரு கேள்வி இருக்கு. ரெண்டு நாள் யோசிச்சேன். கோயிலைக் கெடுத்தவர்னு அந்த மனுசன் பேரை கவர்மென்ட் பேப்பர்ல ஏத்தவா? எங்க பக்கம் ஒருத்தர் தப்புப் பண்ணிட்டா, யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சாலும், 'யாரோ'ன்னு சொல்லித் தாண்டிப் போறதுதான் மரியாதை. 'அடையாளம் தெரியாத நபரால்'னு எழுதினேன். என்னோட நல்ல மனசை நானே பாராட்டி, இன்னொரு காபி போட்டுக் குடிச்சேன்.

கமிட்டி மீட்டிங் ஒரு ரெஸ்டாரன்ட்டோட பின் ரூம்ல. தலைவர் டாக்டர் லாவ், பல் டாக்டர். எல்லாருக்கும் ரிப்போர்ட் நகல் குடுத்து, பெயிண்ட் பத்தின பக்கத்தைச் சத்தமா படிச்சாரு. ஹென்றி அங்கிள் கண்ணாடியைப் போட்டு, அந்த வரியை விரல் வச்சுப் படிச்சாரு. பெயிண்ட்டை எடுக்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

"சங்கர், நீ என் வீட்ல டீ குடிச்ச."

"ஆமா அங்கிள்."

"நான் யாருன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உங்க மேல பழி வரக் கூடாதுன்னுதான் அப்படி…"

"மரத்தைக் கெடுத்தது நான்தானே?"

"உங்க பெயிண்ட்தான். ஒழுகினதும் ஒரு காரணம்."

"அப்போ பழி என்னோடது. அதை எதுக்கு நீ எடுத்து வேற யாருக்கோ குடுத்த?"

பல் டாக்டர் சமாதானத்துக்கு வந்தாரு. "விடுங்க ஹென்றி. எப்படியும் சுரண்டப் போறோம், பேர் எதுக்கு? அதுவும் நீங்க…"ன்னு ஆரம்பிச்சு, சட்டுன்னு நிறுத்திட்டு டீயை எடுத்துக் குடிச்சாரு. நீங்க லாவே இல்லையேங்கிறதை அவர் சொல்லல. ஆனா ரூம்ல எல்லாருக்கும் கேட்டுச்சு. ஹென்றி அங்கிள் ரிப்போர்ட்டை நாலா மடிச்சு, பாக்கெட்ல வச்சுக்கிட்டு, தொப்பியை எடுத்துட்டுப் போயிட்டாரு.

அந்த வாரக் கடைசியில கோவில்பட்டிக்கு போன் போட்டேன். இப்போ கடையைப் பாத்துக்கிறது எங்க அண்ணன். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி எங்க சாஸ்தா கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்துச்சு. முன் மண்டபத்துத் தூணை அடிக்க வந்த ஆளுக்கு கோடு நேரா வரலைன்னு, எழுபத்திமூணு வயசுல அப்பாவே சாரத்துல ஏறி உக்காந்துட்டாரு. தூணுக்கு என்ன கலர்னு என்னைத்தான் போன்ல கேட்டாரு. நான் மீட்டிங்ல இருந்தேன். "ஏதோ ஒரு சிவப்புப்பா"ன்னு வச்சிட்டேன். விசா சிக்கல்னு கும்பாபிஷேகத்துக்கும் போகல. வீடியோவுல பாத்தேன், சாரத்து மேல ஒரு கால், தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒரு கை. அடுத்த வருஷம் அப்பா இல்ல.

"அண்ணே, நம்ம கோயில் கல்வெட்டுல அப்பா பேர் இருக்கா?"ன்னு கேட்டேன்.

"உன் பேர் இருக்கு. பக்கத்துல அமெரிக்கான்னு போட்டு, பெருசா."

"அப்பா பேரு?"

"பெயிண்ட் அடிச்சவன் பேரை எவன்டா கல்வெட்டுல வெட்டுவான்?"ன்னு சொல்லிட்டு, "அந்தப் பெயிண்ட்டும் உரிஞ்சு போச்சு. சொறி பிடிச்ச மாதிரி இருக்கு. சுரண்டிட்டு கல்லாவே விட்டுடலாங்கிறாங்க. நீ எஞ்சினியராச்சே, என்ன சொல்ற?"ன்னான்.

இங்க நாப்பது பக்கம் எழுதினவன், அங்க, "இப்போதைக்கு இருக்கட்டும்ண்ணே, நான் வந்து பாத்துக்கிறேன்"னேன். அண்ணன் சிரிச்சான். நான் வர்ற லட்சணம் அவனுக்குத் தெரியும்.

திங்கக்கிழமை போய் ரிப்போர்ட்டைத் திருத்தினேன். 'எட்டுத் தூண்களுக்கும் பூசியவர் லாவ் குலத்து உறுப்பினர் ஹென்றி லாவ். கோயில் கைவிடப்பட்டிருந்த காலத்தில், தனி ஆளாக, நாலு கோட்.' அதுக்கு அடுத்த வரியிலயே, 'இந்தப் பூச்சு மரத்தைச் சேதப்படுத்தியிருக்கிறது.' ரெண்டும் உண்மை, பக்கத்துப் பக்கத்துல இருக்கட்டும்னு விட்டேன். பாஸ் படிச்சுட்டு, "குலத்து உறுப்பினர்ங்கிறதுக்கு ஆதாரம் இருக்கா? ஸ்டாம்ப் உன்னோடது, பாத்துக்கோ"ன்னாரு. "நேர்ல போய்ப் பாத்தேன்"னேன். அவங்க அப்பா ஒரு பேப்பரை வச்சு உள்ள வந்தாரு, இவருக்கு ஒரு பேப்பர் நான் குடுத்தா என்ன குறைஞ்சிடும்? என் லைசென்ஸ் நம்பர் இருக்கிற முத்திரையை எடுத்து, கொஞ்சம் அழுத்தியே குத்தினேன்.

திருத்தின ரிப்போர்ட்டை எடுத்துட்டு கராஜுக்குப் போனேன். ஹென்றி அங்கிள் உக்காரச் சொல்லல, டீயும் குடுக்கல. முழுசா படிச்சாரு. "தப்பு"ன்னாரு. "நாலு கோட் இல்ல. அடியில மட்டும் அஞ்சு. அங்கதான் தண்ணி பிடிக்கும்னு ஒண்ணு கூட அடிச்சேன்." எந்த இடம் அழுகுச்சோ அந்த இடத்துக்கு மட்டும் கூட ஒரு கோட். சொல்லிட்டு அவரே தலையில கை வச்சுக்கிட்டாரு. ரெண்டு பேரும் சிரிச்சோம். அஞ்சுன்னு மாத்தி, மறுபடியும் ஸ்டாம்ப் குத்தி அனுப்பினேன். அதுக்கு அப்புறம் கமிட்டிக்குப் போச்சு, சிட்டிக்குப் போச்சு, அந்த வரியை யாரும் எடுக்கச் சொல்லல.

முதல் தூணைச் சுரண்டுற அன்னைக்கு ஹென்றி அங்கிளே வந்து மெய்கிட்ட தகடைக் கேட்டு வாங்கினாரு. மெய் மாஸ்க்கைக் குடுத்தாங்க, வேண்டாம்னுட்டாரு. நானும் என்னோடதைக் கழட்டிட்டேன். சிவப்பு சுருள் சுருளா விழுந்துச்சு. அழுகின அடியை அறுத்து எடுத்து, புது மரத்தைப் பல்லோட பல்லு கோத்த மாதிரி தச்சர்கள் ஒட்டுப் போட்டாங்க. அப்புறம் நாரு, சாந்து, காவி, எண்ணெய். ஒரு கோட் எண்ணெய் காயறதுக்கே நாள்கணக்கா ஆச்சு. கடைசியில வந்த கலர், வெத்தலை போட்டு முடிச்ச உதடு மாதிரி ஒரு அடங்கின சிவப்பு. "எப்படி இருக்கு அங்கிள்?"னேன். "மங்கலா இருக்கு"ன்னாரு. "இதான் ஒரிஜினல்." "இருக்கட்டும். எனக்குப் பிடிக்கல"ன்னாரு.

இந்த வசந்தத்துல கோயிலைத் திறந்தாங்க. பலகைங்க கராஜுல இருந்து திரும்பி வந்துச்சு. வாசல்ல ஒரு மேஜை, அது மேல நீளமா ஒரு சிவப்புத் துணி. வர்றவங்க எல்லாம் அதுல கையெழுத்துப் போடணும், அதுதான் அவங்க வழக்கம். நடுவுல ஒரு கோடு. வலப்பக்கம் லாவ்ங்க, இடப்பக்கம் விருந்தாளிங்க. மேஜையில பல் டாக்டர். ஹென்றி அங்கிள் வந்து நின்னாரு, எந்தப் பக்கம்னு கேக்கல, பேனாவுக்குக் கையை மட்டும் நீட்டினாரு. பல் டாக்டர் ஒரு நிமிஷம் அவரைப் பாத்தாரு. அப்புறம் துணியை இழுத்து வலப்பக்கத்தை அவர் முன்னாடி கொண்டு வந்தாரு. ஹென்றி அங்கிள் பெருசா எழுதினாரு. மை காயட்டும்னு பல் டாக்டரே குனிஞ்சு ஊதி விட்டாரு.

அடுத்து நான். இடப்பக்கம் கடைசியில, கோட்டை ஒட்டி, கொஞ்சம் இடம் இருந்துச்சு. ஆபீஸ்ல போடுற கிறுக்கலைப் போடாம, ஊர்ல பத்தாங்கிளாஸ் புக்குல எழுதின மாதிரி தமிழ்ல முழுப் பேரையும் எழுதலாம்னு ஆரம்பிச்சேன். தூரிகைப் பேனா, தடிமனான எழுத்து. 'சங்கர'ன்னு வரும்போதே கோட்டுக்கு வந்துட்டேன். நிறுத்த முடியல. 'நாராயணன்' மொத்தமும் லாவ்ங்க பக்கம் போயிடுச்சு, நேரா ஹென்றி அங்கிள் பேருக்குக் கீழ. "ரொம்ப நீளம்"னாரு அவரு. "எங்க ஊர்ல இது சின்னப் பேரு அங்கிள்"னேன். எல்லாரும் எழுதி முடிச்சதும், எடுத்து வைக்கிறதுக்காக பல் டாக்டர் ஒரு முனையையும் ஹென்றி அங்கிள் ஒரு முனையையும் பிடிச்சுத் துணியை ரெண்டா மடிச்சாங்க. மடிப்பு என் பேருக்கு நடுவுல விழுந்துச்சு.